வாழ்த்தல் என்னும் ஆறாம் படி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'நினைவும் உருவமும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். சிற்பத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியை ஒருத்திக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். எந்தத் திசையில் நோக்கினாலும் பாறையே கண்ணிற்படும் ஊரில் வாழ்கின்றவர்களுக்குக் கல்லைப் பற்றிப் பேசத் தனித்தகுதி எதுவும் வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். இப்பொருளை நான் விரும்பி ஏற்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பத்தாம் ஆண்டின் நினைவாக நம் பகுதிப் புலவர் ஒருவர்க்குச் சிலை எடுக்க வேண்டும் என்று உறுப்பினர் சிலர் கூறி வருகின்றனர். சிலை எதற்கு, அப்பணத்தில் நூல் வெளியிடலாமே என்று வேறு சிலர் கூறி வருகின்றனர். இருசாராரும் என் மதிப்பிற்குரியவர்களே. ஓர் உருவம் எப்போது நினைவாகிறது, எப்போது வெறும் பொருளாகிவிடுகிறது என்னும் வினாவுக்கு விடை கண்டால் இவ்வழக்கும் ஒருவாறு தீரும் என்னும் நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

தொல்காப்பியர் காட்டும் ஆறு படிகள்

உருவத்தையும் நினைவையும் இணைத்து எண்ணிய தமிழ் நூல்களுள் காலத்தால் முற்பட்டது தொல்காப்பியம். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைப் புறத்திணையியலில் ஆசிரியர் ஆறு துறைகளாக வகுக்கின்றார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பன அவை. கல்லைத் தேர்ந்து காண்பது, அதனைக் கொள்ளத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, சிறப்புச் செய்வது, இறுதியாக வாழ்த்துவது என்று நாம் எளிமையாகப் பொருள் கொள்ளலாம். சில துறைகளுக்குப் பொருள் கூறுவதில் உரையாசிரியர்கள் தம்முள் வேறுபடுவர். ஆயினும் வரிசையின் முடிவில் நிற்பது வாழ்த்தல் என்பதில் ஐயமில்லை.

இவ்வரிசை ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாமாக இருந்தால் நடுதலோடு வேலை முடிந்தது என்று கருதியிருப்போம். சிலையைத் திறந்து வைத்து, மாலை அணிவித்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு கலைந்திருப்போம். தொல்காப்பியர் நடுதலை நான்காவது படியாகவே வைக்கின்றார். அதன் பின்னும் இரண்டு படிகள் உள்ளன. இறுதிப் படியைச் செய்து முடிக்கும் கருவி உளியன்று, சொல்லே. சொல்லுக்குரியவர் வந்து வாழ்த்தும் வரை அக்கல் முடிவுறாத கல்லாகவே நிற்கிறது.

இளங்கோவடிகள் இந்நுட்பத்தை உணர்ந்தே வஞ்சிக்காண்டத்தின் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனப் பெயரிட்டார் எனலாம். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுக்கிறான், கனகவிசயர் முடியில் ஏற்றுகிறான், கங்கையில் நீராட்டுகிறான், வஞ்சியில் கோயில் அமைக்கிறான். அரசன் செய்யக்கூடியவை அனைத்தும் செய்து முடிந்துவிட்டன. அதன் பின்னர் வாழ்த்துக் காதையில் வருகின்றவர்கள் யார்? கண்ணகியின் செவிலித்தாய், அவளுடைய அடித்தோழி, பார்ப்பனத் தோழியாகிய தேவந்தி ஆகிய பெண்கள். படை நடத்தியவர்கள் அல்லர் இவர்கள். அவளை வளர்த்தவர்களும் அவளோடு வளர்ந்தவர்களும் ஆவர். அரசன் அமைத்த உருவத்தில் பத்தினித் தெய்வம் இருந்தாள். புகாரில் ஆடிப் பாடி வளர்ந்த பெண்ணை அவ்வுருவத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தவை இம்மகளிரின் சொற்கள். உருவம் நினைவாக மாறிய இடம் இதுவே என்பது என் கருத்து.

நம்மைச் சூழ்ந்த கற்கள்

இலக்கியம் கூறும் இம்முறையை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். நம் பகுதியிலேயே மூன்று வகையான கற்கள் உள்ளன.

முதலாவது மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய இவையின்றி நான்முகன், சிவன், திருமால் மூவர்க்கும் இக்கோயிலை விசித்திரசித்தன் ஆக்கினான் என்னும் செய்தியை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தருகிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் சிறப்புப் பெயர். கோயிலின் இரு பக்கங்களிலும் நிற்கும் வாயிற்காவலர் உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் தோள்களையும் நிற்கும் நிலையையும் கல்லிலிருந்து வெளிக்கொணர்ந்த கைக்கு உரியவன் பெயர் அங்கே இல்லை. செய்வித்தவன் நினைக்கப்படுகிறான்; செய்தவன் மறக்கப்படுகிறான்.

இரண்டாவது எடுத்தனூர் நடுகல். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. எடுத்தனூர்க் கல்லும் அதே மகேந்திரவர்மன் காலத்தது. அவனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் எழுந்தது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அதில் உள்ளது. அவனருகே ஒரு நாயின் உருவமும் உள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பேரரசன் தன் பெயரைப் பாறையில் வெட்டுவித்த அதே காலத்தில், கால்நடை வளர்த்து வாழ்ந்த ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரையும் கல்லில் ஏற்றியது. யாரை நினைக்க வேண்டும் என்பதை அரண்மனை மட்டும் முடிவு செய்யவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு எது?

மூன்றாவது நம் ஊரையொட்டிய திருநாதர்குன்று. பெரும் பாறையின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரரும் இரு வரிசைகளாக அமர்ந்துள்ளனர். அக்குன்றிலேயே சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. இளையபட்டாரகர் என்பார் முப்பது நாள் நோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல்வெட்டும் உள்ளது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர் 'ஐ' என்னும் எழுத்தின் பழைய வடிவத்துக்குச் சந்திரநந்தி கல்வெட்டையே சான்று காட்டுவர். வகுப்பில் இதனைக் கூறும்போதெல்லாம் ஒன்றை நான் எண்ணுவதுண்டு. தம் உடலையே துறந்தவர் ஒருவர். அவர் உருவம் அங்கே வடிக்கப்படவில்லை. நாள்களின் எண்ணிக்கையும் பெயரும் மட்டுமே எஞ்சின. அவையும் பல நூற்றாண்டுகள் படிப்பாரின்றிக் கிடந்தன. எழுத்து மாறியது, படிக்கத் தெரிந்தவர் மறைந்தனர், கல் மட்டும் வெயிலில் காய்ந்தது. கல்வெட்டறிஞர் வந்து படித்த பிறகே சந்திரநந்தி மீண்டும் நம்மிடையே வந்தார்.

இம்மூன்று கற்களும் உணர்த்தும் உண்மை ஒன்றே. கல் காலத்தைத் தாங்கும். ஆனால் நினைவைத் தாங்க மனிதர் வேண்டும்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு சிற்பி

இப்பழைய செய்திகளோடு நின்றுவிட்டால் இவ்வுரை வரலாற்றுப் பாடமாகிவிடும். நடுகற்கள் நிறைந்த அதே திருவண்ணாமலை மண்ணில் பிறந்த நம் காலத்துச் சிற்பி ஒருவரை இனி உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன். அவர் பெயர் பெனிதா பெர்சியால். 1978ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் பிறந்தவர். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்றவர். சென்னையில் இருந்து பணியாற்றுபவர்.

அக்கல்லூரியைப் பற்றி ஒரு சொல். 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்ட பள்ளி அது. 1929ஆம் ஆண்டு அதன் முதல்வர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1959இல் நிறுவப்பட்ட அச்சிலை அவர் கைவண்ணமே. அதற்கு உருமாதிரியாக நின்றவர்களுள் கல்லூரியின் இரவுக் காவலர் சீனிவாசன் என்பவரும் இராமு என்னும் மாணவரும் இருந்தனர் என்பர். கடற்கரைக்குச் செல்லும் ஆயிரமாயிரம் மக்களுள் இப்பெயர்களை அறிந்தவர் எத்தனை பேர்? மண்டகப்பட்டில் செய்தவன் பெயர் மறைந்தது. மெரினாவில் செய்தவர் பெயர் நிற்க, உடலை ஈந்தவர் பெயர் மங்கிவிட்டது. பெயர் தெரியாவிட்டாலும் அவ்வுடல்களின் முயற்சி நமக்குப் புரிகிறது. வளைந்த முதுகும் புடைத்த நரம்பும் உழைப்பின் நினைவாக நிற்கின்றன. மனித உருவத்தை வடிக்கும் சிற்பியின் வலிமை அது.

பெனிதா பெர்சியாலும் மனித உருவத்தையே வடிப்பவர். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கொச்சியில் 2014 டிசம்பரில் தொடங்கி 2015 மார்ச்சு வரை நடைபெற்ற கொச்சி முசிறி இருபதாண்டு... அல்ல, ஈராண்டுக் கலைவிழாவில், பெப்பர் ஹவுஸ் என்னும் பழைய பண்டகசாலைக் கட்டடத்தில், 'நம்பிக்கையின் நெருப்புகள்' என்று நாம் தமிழில் கூறத்தக்க தலைப்பில் அவருடைய சிற்பத் தொகுதி வைக்கப்பட்டது. கிறித்துவும் அவரைச் சார்ந்தோருமாகிய உருவங்கள் அவை. கல்லாலும் வெண்கலத்தாலும் ஆனவை அல்ல. மரப்பட்டைத் தூள், சாம்பிராணி, வெள்ளைப்போளம், இலவங்கம் முதலிய நறுமணப் பொருள்களைக் கலந்து உருவாக்கப்பட்டவை. சுருங்கக் கூறின், வழிபாட்டில் எரிக்கப்படும் பொருளாலேயே வழிபடப்படும் உருவத்தைச் செய்திருந்தார்.

மணம் என்னும் நினைவு

அக்காட்சியை நான் நேரிற் கண்டவளல்லள். அச்சில் வந்த படங்கள் வழியாகவும் எழுதப்பட்ட குறிப்புகள் வழியாகவுமே அறிந்தவள். அதனை இங்கே வெளிப்படையாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. படத்தில் உருவம் வருகிறது, நிறம் வருகிறது, மணம் வரவில்லை. அச்சிற்பங்களின் சரிபாதி படத்தில் இல்லை. அப்பாதியை ஒருவர்க்கு எடுத்துரைக்க வேண்டுமானால் சொல்லைத் தவிர வேறு வழியில்லை. கவிஞர்கள் அமர்ந்திருக்கும் அவையில் இதனை அழுத்திக் கூற விரும்புகிறேன்.

சாம்பிராணி மணத்தை நாம் எங்கெங்கே அறிந்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டில் எழும் புகை. தலைமுழுகிய குழந்தையின் ஈரமுடிக்குப் பாட்டி காட்டும் தூபம். தேவாலயத்தில் சங்கிலியில் ஆடும் தூபக்கலசம். தர்காவில் மயிற்பீலியோடு வரும் புகை. இறந்தவர் வீட்டுத் திண்ணையோரம் எரியும் ஊதுவத்தி. பிறப்புக்கும் இறப்புக்கும், இம்மதத்துக்கும் அம்மதத்துக்கும் ஒரே மணம். திருக்கடவூரில் வாழ்ந்த குங்கிலியக்கலய நாயனார், நெல் வாங்கக் கொடுத்த மனைவியின் தாலிக்கு நெல் வாங்காமல் குங்கிலியம் வாங்கிய வரலாற்றைச் சேக்கிழார் பாடுகின்றார். அந்த அளவுக்கு நறும்புகை நம் மக்களின் உணர்வோடு கலந்தது. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிய மகளிரைச் சங்க இலக்கியம் முழுவதும் காண்கிறோம்.

மணத்துக்கும் நினைவுக்கும் உள்ள உறவை இன்றைய அறிவியலும் உறுதி செய்கிறது. மணத்தை உணரும் நரம்புகள், மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு ஏனைய புலன்களைக் காட்டிலும் நேரடியாக இணைந்துள்ளன என்பர் அறிஞர். ஆதலால்தான் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மணம் நம்மைத் தாக்கும்போது, பெயரும் ஆண்டும் நினைவுக்கு வருமுன்பே கண் கலங்கிவிடுகிறது. கண்ணால் காணும் சிலை 'இவர் இன்னார்' என்று நமக்கு அறிவிக்கிறது. மூக்கால் உணரும் சிலை 'நீ அன்று எங்கே இருந்தாய்' என்று நம்மை வினவுகிறது. முன்னது வேறொருவரின் நினைவு. பின்னது நம் நினைவு. அவ்வறையில் நுழைந்தவர் ஒவ்வொருவரும் கிறித்துவின் உருவத்தைக் கண்டபோதே தத்தம் வீட்டுப் புகையையும் உணர்ந்திருப்பர். இது இச்சிற்பியின் தனித்திறன் என்று நான் கருதுகிறேன்.

அவர் இப்பொருள்களைத் தேர்ந்ததில் வரலாற்று நோக்கமும் உண்டு. சாம்பிராணி வகையுள் சிறந்ததாகிய குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் தென் அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வளரும் மரங்களின் பிசின்கள். நம் மேலைக் கடற்கரையிலிருந்து மிளகு சென்றது. பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட யவனர் கலங்களைச் சங்கப் பாடல்கள் அறியும். தோமையர் கி.பி. 52இல் அக்கடற்கரையில் வந்திறங்கினார் என்பது கேரளக் கிறித்தவர்களின் மரபுவழி நம்பிக்கை. வணிகப் பொருள் வந்த வழியிலேயே சமயமும் வந்தது. மிளகு குவித்திருந்த பண்டகசாலையில், கடல் கடந்து வந்த பிசினால், கடல் கடந்து வந்த சமயத்தின் உருவங்களை ஒரு தமிழ்ப்பெண் வடித்து வைக்கிறார். ஐரோப்பியச் சிலைகளின் பளிங்கு வெண்மை அவற்றில் இல்லை. மரப்பட்டையின் பழுப்பு நிறம் இருக்கிறது. கீழைக்கடலும் மேலைக்கடலும் கலந்த நினைவு அது.

அழியும் பொருள், அழியாப் பொருள்

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வெப்பத்தில் இளகக்கூடிய, ஈரத்தில் நெகிழக்கூடிய, தீப்பட்டால் புகையாகிவிடக்கூடிய பொருளால் நினைவுச் சின்னம் செய்யலாமா? ஆயிரம் ஆண்டு நிற்கும் கருங்கல்லை விட்டுவிட்டுச் சாம்பிராணியை நாடுவது நிலையாமையைக் கொண்டாடுவதாகாதா? இவ்வினா நியாயமானதே. கல் நின்றிராவிட்டால் சந்திரநந்தியை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆதலால் கல்லைத் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் நிலைத்த பொருளும் நிலைத்துவிடுவதில்லை. சோமநாத் ஹோர் என்னும் வங்கச் சிற்பியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1921இல் சிட்டகாங்குப் பகுதியில் பிறந்து 2006இல் மறைந்தவர். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் பட்டினியால் வாடிய மக்களை நேரில் கண்டு ஓவியமாகத் தீட்டியவர். அக்காட்சி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பின்னாளில் அவர் வார்த்த வெண்கல உருவங்கள் அனைத்திலும் காயங்களே பேசுகின்றன. விலா எலும்பு தெரியும் மெலிந்த உடல்கள், கிழிந்த தோல், தழும்புகள். வியத்நாம் மக்களின் போராட்டத்தை நினைந்து தாயும் சேயுமாகப் பெரிய வெண்கலச் சிற்பம் ஒன்றை அவர் சாந்திநிகேதனில் உருவாக்கினார். 1977இல் அது திருடப்பட்டது. வெண்கலம் உறுதியானதுதான், கள்வன் கைக்கு முன் என்ன செய்யும்? இன்று அச்சிற்பத்தை நாம் பேசுகிறோம் என்றால், கண்டவர்கள் சொன்னதாலும் எழுதியதாலும் மட்டுமே பேசுகிறோம். நான்காம் படியில் நட்டது போனது. ஆறாம் படியில் சொன்னது நிற்கிறது.

தமிழகத்திலும் சான்று உண்டு. உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. 2006இல் மீண்டும் நிறுவப்பட்டது. சிலை இல்லாத அவ்விடைக்காலத்தில் கண்ணகி மறக்கப்பட்டாளா? பீடம் வெறுமையாக இருந்தபோது அவளைப் பற்றிய பேச்சு மேலும் மிகுந்தது. இளங்கோவின் சொல் அவளைக் காத்துக்கொண்டிருந்தது.

பெனிதாவின் சிற்பங்கள் இவ்வுண்மையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவை எனலாம். நாங்கள் நெடுநாள் நிற்க மாட்டோம், நீங்கள் பேணினால் நிற்போம், எரித்தால் மணமாவோம் என்று அவை கூறாமல் கூறுகின்றன. பேணுவோரை எதிர்நோக்கி நிற்கும் உருவம் பேணும் கடமையையும் கற்பிக்கிறது. கருங்கற் சிலை தரும் பெரும் ஏமாற்று, நம் கடமையைத் தானே ஏற்றுக்கொண்டதுபோல் நிற்பதுதான். அது நிற்கிறது என்பதாலேயே நாம் நினைக்கிறோம் என்று எண்ணிவிடுகிறோம்.

நம் ஊரும் நாமும்

இனி நம் ஊருக்கு வருவோம். 2025 சூலையில் யுனெசுகோ அமைப்பு 'இந்தியாவின் மராட்டியப் படையியல் நிலக்காட்சிகள்' என்னும் பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. தமிழகத்திலிருந்து இடம்பெற்றது நம் செஞ்சி ஒன்றே. நாம் பெருமகிழ்ச்சி கொள்ள வேண்டிய செய்தி இது. சிவாஜி இக்கோட்டையை 1677இல் கைப்பற்றியதும், அவர் மைந்தர் இராஜாராம் இங்கிருந்து முகலாயரின் நெடும் முற்றுகையைத் தாங்கியதும், 1698இல் கோட்டை வீழ்ந்ததும் வரலாற்றின் சிறந்த பக்கங்கள்.

ஆயினும் அவை சில பக்கங்களே. உலகெங்கிலுமிருந்து மக்கள் வருவர், இராஜகிரியில் ஏறுவர், முற்றுகைகளின் கதையைக் கேட்டுச் செல்வர். திருநாதர்குன்றின் ஐம்பத்தேழு நாள்களை அவர்களுக்குச் சொல்லப்போகின்றவர் யார்? கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலின் தூணிலும் வாயிலிலும் உருவங்களைச் செதுக்கிய கைகளைப் பற்றிப் பேசப்போகின்றவர் யார்? புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களால் கொண்டு செல்லப்பட்டவை என்று கூறுவர். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அத்தூண்கள் நம் ஊரார் என்று தெரியுமா?

தேசிங்கை எண்ணுங்கள். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது வீழ்ந்த இளைஞன். அவன் ஆட்சி செய்த காலம் மிகக் குறுகியது. அவனைக் காட்டிலும் நெடுநாள் இக்கோட்டையை ஆண்டவர் பலர். அவர்கள் பெயரை ஊரில் கேட்டால் சொல்வார் இல்லை. தேசிங்கையோ சிறு பிள்ளையும் அறியும். அவனை நம் நெஞ்சில் நட்டது சிலையன்று, கதைப்பாடல். திண்ணைகளிலும் களத்துமேடுகளிலும் அதைப் பாடியவர்கள் அவனோடு அவன் குதிரையையும் இசுலாமிய நண்பனையும் சேர்த்தே நமக்குத் தந்தார்கள். எடுத்தனூர்க் கல்லில் நாயையும் சேர்த்து நினைத்த அதே உள்ளம் அப்பாடலிலும் உள்ளது.

இப்போது சிலை எடுப்பது பற்றிய வழக்குக்கு வருகிறேன். சிலை எடுக்க வேண்டும் என்போரிடம் என் வேண்டுகோள் ஒன்றே. நடுதலுக்கு முன் வாழ்த்துதலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அப்புலவர் பாடல்களைப் படிப்பவர், படித்துச் சொல்பவர், ஆண்டுதோறும் கூடிப் பேசுபவர் இருப்பார்களானால் சிலை எழட்டும். நானும் என்னாலியன்ற பொருள் தருவேன். அவ்வாறு இல்லையெனில் காக்கை மட்டும் அமரும் மற்றொரு பீடத்தைப் பேருந்து நிலையத்தருகே சேர்க்க வேண்டியதில்லை. சிலையைச் செய்யும் சிற்பியின் பெயரைப் பீடத்தில் மறவாமல் பொறிக்க வேண்டும் என்பதும் என் விண்ணப்பம். நூல் வெளியிட வேண்டும் என்போரிடம் கூறுவது இது: அடுக்கில் தூசி படியும் நூலும் படிப்பாரற்ற கல்வெட்டே. அச்சிடுவதும் நடுதலைப் போன்றதுதான். அதன் பின்னும் படிகள் உள்ளன.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் தம் ஊரில் உள்ள ஓர் உருவத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் மூத்ததேவியாக இருக்கலாம். வயல்நடுவே நிற்கும் தீர்த்தங்கரராக இருக்கலாம். பெயர் தெரியாத வீரனாக, எல்லைக்கல்லருகே நிற்கும் அய்யனாரின் மண்குதிரையாக இருக்கலாம். அதன் அருகே சென்று அமருங்கள். அவ்வூர் முதியவர்கள் அதனை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எந்நாளில் எண்ணெய் சார்த்துகிறார்கள், அங்கே என்ன மணம் வீசுகிறது என்று கேளுங்கள். பிறகு எழுதுங்கள். மாதக் கூட்டத்துக்கு ஒன்றாக அவை படிக்கப்படட்டும். பாறை வெடிகளின் ஓசை கேட்கும் மாவட்டம் இது. ஓர் உருவத்தைப் பற்றி ஊரார் அறிந்து பேசத் தொடங்கிவிட்டால் அதனை உடைக்கவோ பெயர்த்துச் செல்லவோ எவரும் எளிதில் துணியார். வாழ்த்தல் என்பது காவலும் ஆகும்.

கல்லைக் கண்டவர் முன்னோர், நீராட்டியவர் முன்னோர், நட்டவரும் முன்னோரே. ஐந்து படிகளையும் ஏறி முடித்து நமக்காகக் காத்திருக்கின்றனர். ஆறாம் படி நம்முடையது. அப்படியை ஏற நம் வட்டம் அடுத்த பத்தாண்டுகளைப் பயன்படுத்துமாக என்று வேண்டி அமைகிறேன்.